பெரிய பிக்கப் வாங்கியாச்சு, ஒரு டேங்குக்கு எவ்வளவு தூரம் போகும்?

டெக்சஸில் வேலை கிடைத்து வந்தவர்கள் ஓரிரு ஆண்டில் கார் பார்க்கப் போய், பிக்கப்போடு வீடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. ஃபோர்டு எஃப்-150, ஷெவி சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா என்று ஏதோ ஒன்று. வாங்கிய வாரமே எழும் கேள்வி: ஃபுல் டேங்க் அடித்தால் எவ்வளவு தூரம் ஓடும்? விற்றவர் 700 மைல் என்றிருப்பார். படகு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் 250 தாண்டாது என்பார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். ஒரே பிக்கப்புக்கு ஊருக்குள் ஒரு தூரம், காலி வண்டியாக நெடுஞ்சாலையில் ஒரு தூரம், பின்னால் டிரெய்லர் மாட்டினால் வேறொரு தூரம். இந்த மூன்றையும் உங்கள் வண்டிக்கு, உங்கள் ஓட்டும் பழக்கத்துக்குக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழிதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு எஃப்-150ஐ எடுத்துக்கொள்கிறேன். அதிகம் விற்பது அந்தக் குடும்பம்தான் என்பது ஒரு காரணம். ஒரே பெயரில் நான்கு அளவு டேங்கோடு வருவதால் புதியவர்கள் அதிகம் குழம்புவதும் அதில்தான். மற்ற வண்டிகளுக்கும் கணக்கு இதேதான்.

முதலில், உங்கள் டேங்க் எது?

அண்மைக்கால எஃப்-150இல் சின்ன கேபின் வண்டிகளுக்கு 23 கேலன் டேங்க், நான்கு முழுக்கதவு வைத்த சூப்பர்க்ரூவுக்கு 26 கேலன், பவர்பூஸ்ட் என்ற ஹைபிரிடுக்கு 30.6 கேலன். இவை தவிர, கூடுதல் காசு கொடுத்து வாங்கும் 36 கேலன் டேங்க் ஒன்றும் உண்டு. அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர். ஆக 23 கேலன் சுமார் 87 லிட்டர், 26 என்பது 98, 36 என்பது 136 லிட்டர். ஊரில் ஓட்டிய மாருதி ஸ்விஃப்டின் டேங்க் 37 லிட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

மற்ற வண்டிகளிலும் இப்படித்தான். 2022இல் வந்த புதிய டண்ட்ராவில் 22.5 கேலனும் உண்டு, 32.2 கேலனும் உண்டு. ராம் 1500இல் 23, 26, 33 என மூன்று. வெளியிலிருந்து பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. மாடல் பெயரை மட்டும் இணையத்தில் தேடி முதலில் வரும் எண்ணை நம்பினால் பத்து கேலன் வரை தவறிப்போகலாம்.

புதிய வண்டியென்றால் ஜன்னலில் ஒட்டி வந்த விலைத்தாளைப் பாருங்கள். பெரிய டேங்க் கூடுதல் வசதியாகப் போடப்பட்டிருந்தால் அங்கே தனி வரியாக இருக்கும். பழைய வண்டியென்றால் அந்தத் தாள் இருக்காது. வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து டீலரின் சர்வீஸ் கவுன்டரில் கேட்டால், தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தப்பட்டு வந்தது என்று பார்த்துச் சொல்வார்கள். கையேட்டின் கடைசிப் பகுதியில் கொள்ளளவுப் பட்டியல் இருக்கும். ஆனால் அதில் எல்லா டேங்குகளும் வரிசையாக இருப்பதால், கேபின் அளவையும் எஞ்சினையும் பொருத்திப் பார்த்துத்தான் உங்களுடையதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கையேட்டில் இன்னொரு விஷயத்தையும் படித்துவிடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் 26 கேலன் என்பது முள் காலிக்கு வந்தபின் ஊற்றக்கூடிய அளவு. அதற்குக் கீழேயும் கொஞ்சம் எரிபொருள் இருக்கும், ஆனால் அது எவ்வளவு என்று சொல்ல மாட்டோம், அதை நம்பி ஓட்டாதீர்கள் என்று ஃபோர்டு எழுதியிருக்கிறது. பலர் இதைப் படித்ததும் "அப்போ இன்னும் முப்பது மைல் போகலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு வேண்டாம். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்வித்து, தேய்மானம் இல்லாமலும் பார்த்துக்கொள்கிறது. அடிக்கடி அடிமட்டம் வரை ஓட்டுகிறவர் கடைசியில் பம்ப் மாற்றும் செலவைத்தான் தேடிக்கொள்கிறார். அதற்கு டேங்கையே இறக்க வேண்டியிருக்கும்.

ஸ்டிக்கரில் இருக்கும் மைலேஜ்

இபிஏ என்ற சுற்றுச்சூழல் முகமையின் ஸ்டிக்கரில் மூன்று எண்கள் இருக்கும்: நகரம், நெடுஞ்சாலை, இரண்டும் கலந்தது. கலந்த எண்ணில் 55 சதவீதம் நகர ஓட்டம், 45 சதவீதம் நெடுஞ்சாலை. 2021 எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்றால் 18, 23, 20. அதாவது ஒரு கேலனுக்குக் கலந்து 20 மைல். கிலோமீட்டர் கணக்கில் யோசிக்கிறவர்கள் இந்த எண்ணை 0.425ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர். 2.7 லிட்டர் எஞ்சின், இரு சக்கர இயக்கம் என்றால் 20, 26, 22 என்று கொஞ்சம் கூடும்.

இப்போது பெருக்கினால், 20 மைல் மைலேஜுக்கு 26 கேலனில் 520 மைல், 36 கேலனில் 720 மைல். விற்பனையாளர் சொன்ன 700 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? கணக்கில் பிழை இல்லை. ஆனால் கடைசிச் சொட்டு வரை ஓட்டி, ஸ்டிக்கர் மைலேஜும் அப்படியே கிடைத்தால்தான் அது நடக்கும்.

எஃப்-250, ராம் 2500 போன்ற இன்னும் கனமான வண்டிகளில் இந்த ஸ்டிக்கர் மைலேஜே இருக்காது. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேல் போகும் பிக்கப்புகளுக்கு அந்த எண்களை ஒட்டச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அந்த வண்டிக்காரர்கள் அடுத்த பகுதியைத் தவறாமல் செய்ய வேண்டும்.

உங்கள் மைலேஜை நீங்களே அளவெடுங்கள்

டேஷ்போர்டுத் திரை சராசரி மைலேஜைக் காட்டும். பெரும்பாலும் உண்மைக்கு அருகில்தான் இருக்கும், ஆனால் சற்றுத் தாராளமாகக் காட்டும் வண்டிகளும் உண்டு. கையால் கணக்குப் போடுவது கஷ்டமே இல்லை.

பெட்ரோல் பங்கில் நாசில் தானாக 'டக்' என்று நிற்கும் வரை நிரப்புங்கள். பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். கால் டேங்குக்கு வந்ததும், முடிந்தால் அதே பங்கில், மறுபடி 'டக்' வரை நிரப்புங்கள். ரசீதில் உள்ள கேலனால் பயண மீட்டரில் உள்ள மைலை வகுங்கள். 342 மைல் ஓடி 19 கேலன் பிடித்தால் 18. ஒரு தடவை அளந்ததை நம்பாதீர்கள். நாசில் ஒரு பங்கில் சீக்கிரம் நிற்கும், இன்னொன்றில் தாமதமாக நிற்கும். பெரிய டேங்கில் அந்த வித்தியாசமே ஒரு கேலன் வரை போகலாம். மூன்று நான்கு தடவை அளந்து, மொத்த மைலை மொத்த கேலனால் வகுத்தால் எண் நிலைக்கு வரும்.

நகர ஓட்டத்துக்குத் தனியாக, நீண்ட பயணத்துக்குத் தனியாகக் குறித்து வையுங்கள். ஹூஸ்டனில் காலை நேர நெரிசலில் ஏசியைப் போட்டு ஊர்ந்து போகிறவருக்கும், நகருக்கு மேற்கே உள்ள கேட்டி என்ற ஊரைத் தாண்டி ஐ-10 நெடுஞ்சாலையில் போகிறவருக்கும் ஒரே எஞ்சினில் ஐந்தாறு மைல் வித்தியாசம் வருவது சாதாரணம். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினாலே மணிக்கு அரை கேலன் வரை போய்விடும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் டயரையும் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் அழகுக்காக 33 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் மாட்டியிருந்தால், சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டருக்கோ அது தெரியாது. மீட்டர் 100 மைல் காட்டும்போது வண்டி 106 மைல் போயிருக்கும். உங்கள் கணக்கில் மைலேஜ் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதோடு பெரிய டயரே பெட்ரோலையும் அதிகம் குடிக்கும், அது வேறு. நெடுஞ்சாலை மைல்கற்களோடு ஒப்பிட்டால் மீட்டர் எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்துவிடும். டயர் கடையிலோ டீலரிடமோ சொன்னால் கணினியில் டயர் அளவை மாற்றித் தருவார்கள்.

பெட்ரோலின் வகையும் கணக்கில் உண்டு. பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். உங்கள் அளவீட்டில் அது ஏற்கெனவே சேர்ந்துவிடும். ஆனால் எத்தனால் மிக அதிகமாகக் கலந்த ஈ85 என்று மலிவாக ஒன்று இருக்கும். 5.0 லிட்டர் வி8 போன்ற, அதற்கென வடிவமைத்த எஞ்சின்களில் மட்டும் போடலாம். போட்டால் மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை இறங்கும். நாலு கேலனுக்கு ஒரு கேலன் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அந்த அளவு குறைவாக இருந்தால் ஊருக்குள் போடுவதில் தவறில்லை. நீண்ட பயணத்தில் போட்டால் 36 கேலன் டேங்க் வாங்கிய பயனே போய்விடும்.

முள்ளும் திரையும்

திரையில் "இன்னும் இத்தனை மைல்" என்று காட்டும் எண், டேங்கில் இருப்பதை அண்மைய சராசரி மைலேஜால் பெருக்கிச் சொல்வது. அந்த 'அண்மைய' என்பதில்தான் சிக்கல். வாரம் முழுக்க காலி வண்டியாக ஓட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் டிரெய்லரை மாட்டினால், வண்டி இன்னும் பழைய மைலேஜை வைத்தே 500 மைல் என்று காட்டும். பிறகு நீங்கள் 40 மைல் ஓட்டுவதற்குள் அந்த எண் 100 குறையும். வண்டியில் கோளாறு என்று பயப்பட வேண்டாம், இப்போதுதான் அது உண்மையைக் கற்றுக்கொள்கிறது. டிரெய்லர் மாட்டிய முதல் ஒரு மணி நேரம் அந்த எண்ணைப் பார்க்காமலிருப்பது மனசுக்கு நல்லது.

முள்ளும் சீராக இறங்குவதில்லை. பிக்கப்பின் டேங்க் நீளமாக வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கிறது. உள்ளே மிதவை அசைவதை வைத்துத்தான் முள் நகர்கிறது. முதல் கால்பகுதி மெதுவாக இறங்குவதுபோலவும், கடைசிக் கால்பகுதி ஓடி இறங்குவதுபோலவும் தோன்றும். மேட்டில் நிறுத்தினால் ஒன்று காட்டும், சமதளத்தில் வேறொன்று. எச்சரிக்கை பொதுவாக 50 மைல் மிச்சம் என்கிற கணக்கில் வரும். டிரெய்லர் இருந்தால் அந்த 50ஐயும் சந்தேகத்தோடு பாருங்கள்.

என் சொந்த விதி: டேங்கில் எட்டில் ஒரு பங்கைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 26 கேலனில் 22.75தான் என்னுடையது. 36இல் 31.5. சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். சொல்லட்டும்.

டிரெய்லர் மாட்டினால்

இங்கேதான் புதியவர்கள் அதிர்ச்சியடைகிறார்கள். எடைதான் மைலேஜைத் தின்கிறது என்று நினைக்கிறோம். நெடுஞ்சாலையில் அதைவிடப் பெரிய எதிரி காற்று. தங்கும் அறை வைத்த உயரமான டிரெய்லர் ஒரு சுவரையே இழுத்துக்கொண்டு போவது மாதிரி. தாழ்வான தட்டு டிரெய்லரில் அதே எடைக்கு மண் ஏற்றிப் போனால் இவ்வளவு இழப்பு வராது. உயரமான டிரெய்லரோடு போகும் பெட்ரோல் பிக்கப் கேலனுக்கு 8 முதல் 11 மைல்தான் கொடுக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். காலி வண்டியின் மைலேஜில் சரிபாதி என்பது நல்ல ஆரம்பக் கணக்கு.

9 என்று வைப்போம். 22.75ஐ 9ஆல் பெருக்கினால் 205 மைல். 31.5ஐப் பெருக்கினால் 283. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 250 இதற்கு நடுவில்தான் இருக்கிறது.

பெரிய டேங்குக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதை வைத்துத்தான். டிரெய்லர் இழுப்பவருக்கு அந்தக் கூடுதல் 10 கேலன், 205ஐ 283ஆக்குகிறது. மேற்கு டெக்சஸில் ஒரு ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகலாமா கூடாதா என்பதே அந்த 78 மைலில் இருக்கிறது. தினமும் அலுவலகம் போய் வருபவருக்கு அதனால் கிடைப்பது பத்து நாளுக்கு ஒரு தடவை பங்குக்குப் போகும் வசதி மட்டும். அதற்காக எடையும் உண்டு: பெட்ரோல் கேலனுக்கு ஆறு பவுண்டுக்குச் சற்று மேல். 36 கேலன் நிரம்பினால் சுமார் 100 கிலோ. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண், டேங்க் நிரம்பிய எடையைக் கழித்த பிறகு வருவது. அதனால் பெரிய டேங்க் வைத்த வண்டியில் அந்த எண் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

ஒரு பயணத்தை எடுத்துப் பார்ப்போம்: சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோ

ஐ-10 வழியாகச் சுமார் 550 மைல். ஸ்டிக்கர் கணக்கில் 36 கேலன் வண்டி நிற்காமல் போய்ச் சேர வேண்டும். நிஜத்தில் என்ன ஆகும்?

கெர்வில் தாண்டியபின் வேகவரம்பு 80 மைல். 50 மைல் வேகத்துக்கு மேலே போகப் போக மைலேஜ் வேகமாகச் சரியும் என்பது எந்த வண்டிக்கும் பொருந்தும், நிமிர்ந்த முகம் வைத்த பிக்கப்புக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். அடுத்தது, மேற்கே போகப் போக ஏற்றம். ஃபோர்ட் ஸ்டாக்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். மூன்றாவது, எதிர்காற்று. அந்தச் சமவெளியில் மேற்கிலிருந்து அடிக்கும் நாட்கள் வசந்த காலத்தில் நிறைய. இந்த மூன்றும் சேர்ந்தால், 23 என்று ஸ்டிக்கரில் இருந்த நெடுஞ்சாலை எண் 17க்கு வந்துவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அதே சாலையில் 21 கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்; இறக்கமும் பின்காற்றும் உங்கள் பக்கம். அதனால் போகும்போது எங்கெங்கே நின்றோமோ அதை வைத்துத் திரும்பும் திட்டம் போடலாம், ஆனால் திரும்பியதை வைத்து அடுத்த முறை போகும் திட்டம் போடாதீர்கள்.

17 மைலேஜில் 26 கேலன் வண்டியின் தூரம் 387 மைல். ஃபோர்ட் ஸ்டாக்டன் 310 மைல் வாக்கில் வரும். அங்கே நிரப்பிவிட்டால் மீதி 240 மைல் சுலபம். 36 கேலன் வண்டிக்கு 535 மைல். எல் பாசோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் விளிம்புக்கு வந்து நிற்பீர்கள். ஆக, பெரிய டேங்க் இருந்தும் ஒரு நிறுத்தம் வேண்டும்தான். எங்கே நிற்கலாம் என்பதை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான் லாபம்.

டிரெய்லரோடு என்றால் கதையே வேறு. 26 கேலன் வண்டி 205 மைலுக்குள் நிற்க வேண்டும். ஓசோனா சரியாக அந்த 205இல் வருகிறது, அதாவது விளிம்பில். எனவே 170 மைலிலேயே சொனோராவில் நிரப்புங்கள். அங்கிருந்து ஃபோர்ட் ஸ்டாக்டன் 140 சொச்சம், பிறகு வேன் ஹார்ன் சுமார் 120, அங்கிருந்து எல் பாசோ இன்னொரு 120. மூன்று நிறுத்தம். 36 கேலன் வண்டி ஓசோனாவில் ஒன்று, வேன் ஹார்னில் ஒன்று என இரண்டோடு முடித்துக்கொள்ளும். ஓசோனாவுக்கும் ஃபோர்ட் ஸ்டாக்டனுக்கும் இடையில் நூறு மைலுக்கு மேல் ஊர் என்று சொல்ல அதிகம் கிடையாது. வழியில் ஏதாவது பங்க் இருக்கலாம், ஆனால் இரவு திறந்திருக்குமா என்பது தெரியாது. சான் அன்டோனியோவுக்கு மேற்கே போய்விட்டால் பாதி டேங்குக்குக் கீழே இறங்கியதும் அடுத்த ஊரில் நிரப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஃபோர்ட் ஸ்டாக்டனில் தெற்கே திரும்புவார்கள். மாரத்தான் என்ற சின்ன ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பூங்காவின் தலைமையிடமான பாந்தர் ஜங்ஷனுக்குச் சுமார் 70 மைல். அங்கே ஒரு பங்க் உண்டு, ரியோ கிராண்டே வில்லேஜில் ஒன்று. ஆனால் பூங்காவுக்குள்ளேயே இங்கும் அங்கும் ஓடினால் நூறு மைல் எளிதில் சேர்ந்துவிடும்.

டெக்சஸுக்கு வெளியே இதைவிட நீண்ட வெறுமையும் உண்டு. யூட்டாவில் ஐ-70இல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே 110 மைல் பங்கே இல்லை. மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளில் இதுதான் மிக நீளமான வெற்றிடம். அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டிலிருந்து டெட்ஹார்ஸ் வரை 240 மைல். டிரெய்லரோடு போகும் 26 கேலன் வண்டிக்கு மேலே போட்ட கணக்கின்படி அது எட்டாத தூரம்.

ஹூஸ்டன் போன்ற மெக்சிகோ வளைகுடாக் கரை ஊர்களில் வசிப்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே இந்தக் கணக்கு தேவைப்படும் நாள் ஒன்று உண்டு: புயல். 2005 செப்டம்பரில் ரீட்டா புயலுக்குப் பயந்து ஹூஸ்டன் காலியானபோது, வெளியேறும் சாலைகளில் மணிக்கணக்கில் ஊர்ந்து, பெட்ரோல் தீர்ந்து ஓரத்தில் நின்ற வண்டிகள் ஏராளம். அப்படிப்பட்ட நாளில் மைலேஜ் என்பதே கிடையாது, மணிக்கு எத்தனை கேலன் என்பதுதான். ஜூனிலிருந்து நவம்பர் வரை பாதிக்குக் கீழே விடாமல் வைத்திருப்பது இங்கே பழகியவர்கள் செய்வது. ஹைபிரிட் வாங்கியவர்களுக்கு இன்னொரு பயன். அந்த வண்டி வீட்டு விளக்குகளுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்சாரம் தரும். 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்சஸ் இருண்டபோது பலர் அப்படித்தான் சமாளித்தார்கள். அப்போதும் ஓடுவது அதே டேங்க்தான் என்பதை மறக்க வேண்டாம். கராஜுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும்.

பங்கில்

எந்தப் பக்கம் மூடி என்று தெரியாவிட்டால் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைப் பாருங்கள். ஃபோர்டு ஊழியர் ஜிம் மொய்லன் 1986இல் எழுதிக் கொடுத்த யோசனை அது. இன்று பெரும்பாலான கம்பெனி வண்டிகளில் இருக்கிறது. எஃப்-150இல் ஓட்டுநர் பக்கம்.

அட்டையைச் செருகியதும் ஐந்திலக்க ஜிப் கோடு, அதாவது அமெரிக்க அஞ்சல் குறியீடு கேட்கும். இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவருக்கு அங்கே நின்றுவிடும். உள்ளே போய்க் காசாளரிடம் முன்பணம் கட்டிவிட்டு வந்து போடலாம், மீதி அட்டைக்கே திரும்பிவிடும். சில பங்குகளில் ஒரு தடவைக்கு இத்தனை டாலர்தான் என்று வரம்பு இருக்கும். 36 கேலனை அடிமட்டத்திலிருந்து நிரப்பும்போது கேலன் 3 டாலர் என்றாலே 108 டாலர். பாதியில் நின்றுவிட்டால் டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள், முள்ளைப் பாருங்கள். மறுபடி அட்டையைச் செருகினால் ஓடும். நாசிலின் வேகத்துக்கும் சட்ட வரம்பு உண்டு, நிமிடத்துக்கு 10 கேலன். பெரிய டேங்குக்கு நாலைந்து நிமிடம் ஆகத்தான் செய்யும்.

'டக்' என்று நின்றபின் மேலும் அழுத்தி ரவுண்டு தொகைக்குக் கொண்டுவருவது நம்மவர்கள் பலருக்குப் பழக்கம். விட்டுவிடுங்கள். ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி ஒன்று டேங்கோடு இணைந்திருக்கிறது. அளவுக்கு மேல் ஊற்றினால் திரவப் பெட்ரோல் அதற்குள் போய், எஞ்சின் விளக்கு எரிந்து, கரிப்பெட்டியையே மாற்ற வேண்டிவரும்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் நாசில் மெலிது. எனவே டீசல் வண்டிக்குள் பெட்ரோல் நாசில் தாராளமாக நுழையும். பல வண்டிகளில் தடுக்க எதுவும் இல்லை. பச்சைப் பிடி டீசல் என்பது பொது வழக்கம்தான், ஆனால் பெட்ரோலுக்கே பச்சைப் பிடி வைத்த பங்குகளும் உண்டு. நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். தவறாகப் போட்டுவிட்டால் சாவியைத் திருகவே வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

மேற்கே உயரமான ஊர்களில் 87க்குப் பதிலாக 86, 85 என்ற ஆக்டேன் எண்ணோடு (பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் எண்) 'ரெகுலர்' விற்பார்கள். டர்போ வைத்த ஈகோபூஸ்டுக்கு ஃபோர்டு கேட்பது குறைந்தபட்சம் 87. டிரெய்லரோடு ஏறுகிறீர்கள் என்றால் 91 போட்டுக்கொள்ளுங்கள்.

கேனில் எடுத்துப் போகலாமா?

போகலாம். சிவப்புக் கேன் பெட்ரோலுக்கு, மஞ்சள் டீசலுக்கு. ஐந்து கேலன் கேன் ஒன்று டிரெய்லரோடுகூட 45 மைல் கொடுக்கும். ஆனால் கேனைப் பிக்கப்பின் பின்பகுதியில் வைத்தபடியே நிரப்பாதீர்கள். அங்கே விரித்திருக்கும் பிளாஸ்டிக் தரை மின்னூட்டத்தைத் தரைக்குப் போகவிடாது. ஓடும் பெட்ரோலில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன. கேனை இறக்கித் தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள். மூடி இறுக்கி, பின்பகுதியிலேயே கட்டி வையுங்கள், கேபினுக்குள் வேண்டாம்.

பின்பகுதியில் பொருத்தும் கூடுதல் டேங்குகள் கடைகளில் கிடைக்கின்றன. பெரும்பாலும் டீசல் வண்டிகளுக்கு. பெட்ரோலுக்கு விதிகள் கடுமை, மலிவாகக் கிடைக்கிறதே என்று பொருத்திக்கொள்ள வேண்டாம்.

தீர்ந்தே போய்விட்டால்

சாலையோர உதவி எண்ணைப் பயணத்துக்கு முன்பே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். மேற்கு டெக்சஸில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஃபோர்டுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வரை கம்பெனியின் சாலையோர உதவி உண்டு. பெட்ரோல் கொண்டுவந்து தருவார்கள், ஆனால் 2 கேலன் வரைதான். டிரெய்லர் மாட்டியிருந்தால் அது 18 மைல். அதனால் கூப்பிடும்போதே டிரெய்லர் இருக்கிறது, அடுத்த பங்க் இத்தனை மைலில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அது எட்டாத தூரம் என்றால், டிரெய்லரை அங்கேயே பாதுகாப்பாகக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் பங்குக்கு ஓட்டிப்போய் நிரப்பிவிட்டுத் திரும்பி வரலாம்.

ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். எஞ்சினை முடுக்காமல், இக்னிஷனை மட்டும் ஆன் செய்து சில நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படிச் சில தடவை செய்தால் பம்ப் குழாயில் பெட்ரோலை ஏற்றிவிடும். வண்டி சரிவில் நின்றால் ஒரு கேலன் போதாமல் போகலாம், முழு இரண்டையும் ஊற்றச் சொல்லுங்கள். டீசல் என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றும் முறை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டில் அந்தப் பக்கத்துக்கு ஒரு அடையாளத் தாள் செருகி வையுங்கள்.